கடிகாரம் சொன்ன சாட்சி

புதுச்சேரி நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் போனால் பிள்ளைச்சாவடி. 1980களில் இங்கே தொடங்கப்பட்ட புதுவைப் பொறியியல் கல்லூரிதான் 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. பக்கத்திலேயே காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். கணினி படிக்கும் பிள்ளைகள் இத்தனை பேர் கூடி வாழும் ஊரில், அண்ணனோ அக்காவோ வைத்திருந்த பழைய லேப்டாப்பை வாங்கி அதில் லினக்ஸ் போட்டுக்கொள்பவர்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். அப்படி ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். இந்த அத்தியாயம் முழுக்க அவளும் அவளுடைய லேப்டாப்பும் நம்மோடு வரப்போகிறார்கள்.

மாலை கடைசி வகுப்பு முடிந்ததும் லேப்டாப்பை மூடுகிறாள். விடுதிக்கு வந்து திறக்கிறாள். விசிறி சுற்றுகிறது, பவர் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. எந்த விசையைத் தட்டினாலும் பதிலில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போட்டால், எதுவுமே நடக்காததுபோல நன்றாக ஓடுகிறது. சேமிக்காமல் வைத்திருந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போனதுதான் மிச்சம். லாக் கோப்பைப் புரட்டினால், உறங்கப் போவதாகக் கெர்னல் எழுதிய வரியோடு எல்லாம் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்தது பற்றி ஓர் எழுத்துகூட இல்லை.

விடுதியில் கிடைக்கும் யோசனை ஒன்றே ஒன்றுதான்: "அதை மூடாமலே வச்சுக்கோடி." இந்த யோசனை எனக்கு ஏற்புடையது அல்ல. அது அந்த ஒரு மாலைக்கு உதவலாம். ஆனால் அதே சிப் உள்ள ஆயிரக்கணக்கான லேப்டாப்புகளில் அதே பிழை அப்படியே கிடக்கும். இயங்குதளம் என்ன செய்கிறது என்பதை அடிவேர் வரை பார்க்கக் கிடைத்த அருமையான வாய்ப்பும் போய்விடும். கெர்னலின் எந்தப் பகுதியையும் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளலாம். உறங்கி விழிப்பதை மட்டும், அது கெட்டுப்போன ஒரு கருவியை வைத்துத்தான் முழுமையாகக் கற்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் மூடியை மூடும்போது நடப்பதைப் பார்ப்போம். நாம் நினைப்பதுபோல அது ஒரு சுவிட்ச் அல்ல. நீண்ட சடங்கு. வட்டில் எழுத வேண்டியவற்றைக் கெர்னல் முதலில் எழுதி முடிக்கிறது. பிறகு ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையெல்லாம் இருந்த இடத்திலேயே உறையவைக்கிறது. இதற்கு அது தரும் கெடு வழக்கமாக 20 விநாடி. அதற்குள் உறையாமல் ஏதாவது ஒரு நிரல் அடம்பிடித்தால், அந்த நிரலின் பெயரை லாகில் எழுதிவிட்டு, உறங்கும் முயற்சியையே கைவிட்டுத் திரும்பிவிடும். அறுந்துபோன நெட்வொர்க் வட்டிலிருந்து ஒரு கோப்பு வருமென்று காத்துக் கிடக்கும் நிரல் இதற்கு நல்ல உதாரணம். இந்த வகைக் கோளாறு எளிது. கெர்னல் விழித்திருக்கும்போதே நடக்கிறது, குற்றவாளியின் பெயரையும் சொல்லிவிடுகிறது.

நிரல்கள் உறைந்த பிறகு சாதனங்களின் முறை. வைஃபை, ஒலி, யுஎஸ்பி, திரை, வட்டு என்று ஒவ்வொன்றின் டிரைவரையும் கெர்னல் கூப்பிட்டு, உன் சாதனத்தின் நிலையைக் குறித்து வைத்துக்கொண்டு அதை உறங்கவை என்கிறது. இதில் வரிசை முக்கியம். பந்தல் போடும்போது கால் ஊன்றிவிட்டுத்தான் கூரை வேய முடியும், பிரிக்கும்போது கூரையை இறக்கிவிட்டுத்தான் காலைப் பிடுங்க முடியும். அதுபோல யுஎஸ்பி மவுஸ் உறங்கிய பிறகுதான் அது தொங்கிக்கொண்டிருக்கும் யுஎஸ்பி கன்ட்ரோலர் உறங்கலாம், கன்ட்ரோலர் உறங்கிய பிறகுதான் அதைத் தாங்கும் பிசிஐ பாலம் உறங்கலாம். விழிக்கும்போது இதே வரிசை தலைகீழ்.

இதுவும் ஒரே சுற்றில் முடிவதில்லை. சாதனங்களுக்குப் பல சுற்று அழைப்புகள் உண்டு. கடைசிச் சுற்றுக்கு முன்னால், சாதனங்கள் அனுப்பும் இன்டரப்ட் அழைப்புகள் டிரைவர்களைப் போய்ச் சேராதபடி கெர்னல் தடுத்துவிடுகிறது. இந்தத் தடுப்பு எதற்கு என்பதற்குப் பின்னால் நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. பழைய முறையில் இரண்டு மூன்று சாதனங்கள் ஒரே இன்டரப்ட் கம்பியைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒலிச் சாதனம் உறங்கிவிட்டது, அதே கம்பியில் இருக்கும் யுஎஸ்பி இன்னும் விழித்திருக்கிறது என்று வையுங்கள். யுஎஸ்பி ஓர் அழைப்பு அனுப்பினால், கம்பி பொது என்பதால் ஒலி டிரைவரின் கதவும் தட்டப்படுகிறது. நம் சாதனம்தான் கூப்பிட்டதோ என்று அது தன் ரெஜிஸ்டரைப் படிக்கப் போகிறது. மின்சாரம் இல்லாத பிசிஐ சாதனத்தைப் படித்தால் 32 பிட்டும் 1ஆகத்தான் வரும், அதாவது 4294967295. விவரம் தெரியாத டிரைவர், எல்லா வேலையும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது என்று அதைப் பொருள்கொண்டு, தீராத வேலையைச் செய்து முடிக்கும் முடிவற்ற சுழலில் மாட்டிக்கொள்ளும். கறுப்புத் திரை, சுற்றும் விசிறி, எங்கும் ஒரு வரிகூட இல்லாத மௌனம். நம் மாணவி கண்டதும் இதே காட்சிதான். ஆனால் இதே காட்சியைத் தரக்கூடிய காரணங்கள் வேறு பலவும் இருக்கின்றன.

சாதனங்கள் அடங்கியதும் பல கோர்கள் கொண்ட சிபியுவில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவை ஒவ்வொன்றாக அணைக்கப்படுகின்றன. இந்தக் கட்டத்தின் நுணுக்கங்களை விளக்கும் ஆவணம் ஒன்று கெர்னலோடே வருகிறது. அதை 2011இல் எழுதியவர் அப்போது ஐபிஎம்மில் பணிபுரிந்த ஸ்ரீவத்ச எஸ். பட். கோர்களை அணைப்பதும் நிரல்களை உறையவைப்பதும் ஒன்றோடொன்று மோதும் இடங்களை அதில் பொறுமையாக வரைந்து காட்டியிருக்கிறார். கெர்னல் ஆவணங்களை முதன்முதலாகப் படிக்கும் மாணவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

கடைசியாக எஞ்சிய ஒற்றைக் கோர், தான் விழித்ததும் எந்த முகவரியிலிருந்து ஓட வேண்டும் என்பதை எழுதிவைத்துவிட்டு, இனி உன் பாடு என்று தாய்ப்பலகையில் உறையும் ஃபர்ம்வேரிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கிறது. சிபியுவின் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. ரேமுக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போகும். ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லிவிநாடிக்குள் ஒருமுறை எல்லா வரிசைகளையும் படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். விழித்திருக்கும்போது இதைக் கவனித்துக்கொள்வது கன்ட்ரோலர். உறங்கும்போது ரேம் சிப்பே தன்னைத்தான் புதுப்பித்துக்கொள்கிறது. எஸ்3 என்று சொல்லப்படும் உறக்கம் இதுதான். இந்த நிலைகளை வரையறுத்த ஏசிபிஐ விதிமுறையை 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்டன.

மூடியைத் திறந்ததும் சிபியு விழிக்கிறது. ஆனால் அதற்குத் தான் யாரென்றே தெரியாது. எத்தனை புதிய சிபியுவாக இருந்தாலும் 1978இன் 8086போல 16 பிட் நிலையில்தான் கண்விழிக்கும். முன்பே எழுதிவைத்த முகவரிக்கு ஃபர்ம்வேர் அதைக் கொண்டுபோய் விடுகிறது. அங்கே இருக்கும் சிறிய கெர்னல் துண்டு அதை 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் ஏற்றி, ரெஜிஸ்டர்களை மீட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரவைக்கிறது. பிறகு மற்ற கோர்கள், இன்டரப்ட், சாதனங்கள், கடைசியாக நிரல்கள். இத்தனையும் முடிந்த பிறகுதான் திரையில் ஏதாவது தெரியும், வட்டில் ஏதாவது எழுத முடியும்.

சிக்கலின் மையமும் அங்கேதான் இருக்கிறது. வழக்கமான பிழை என்றால் கெர்னல் திரையில் புலம்பும், வட்டில் எழுதும், நெட்வொர்க்கில் அனுப்பும். விழிப்பின் நடுவில் விழும் பிழைக்குத் திரையும் இல்லை, வட்டும் இல்லை, வலையும் இல்லை. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் உறங்கிக்கொண்டிருக்கும்போது நடந்த சம்பவம் அது.

அதனால் துப்பறிவதற்கு முன்னால், சம்பவம் உண்மையிலேயே நடந்ததா என்று பார்க்க வேண்டும். திரை கறுப்பாக இருப்பதாலேயே கணினி உறைந்துவிட்டது என்று பொருளில்லை. கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, திரை மட்டும்தான் எழவில்லை. தட்டாமலேயே அந்த விளக்கு தானாக மினுக்கிக்கொண்டிருந்தால், கெர்னல் பேனிக் ஆகி நின்றிருக்கலாம். பக்கத்து அறைத் தோழியின் கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைய முடிகிறதா என்பது அடுத்த சோதனை. நுழைய முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, லாக் முழுவதும் கைக்கு வந்துவிடும். 2000களில் லினக்ஸ் லேப்டாப்புகளின் பெரும் தலைவலி இந்தத் திரைதான். கணினியைப் புதிதாகப் போடும்போது கிராஃபிக்ஸ் சிப்பைப் பயாஸ் தயார்செய்து கொடுக்கும், உறக்கத்திலிருந்து எழும்போது பல லேப்டாப்புகளில் அதைச் செய்யாது. திரையை ஆளும் பொறுப்பைக் கெர்னலே எடுத்துக்கொண்ட பிறகுதான் நிலைமை சீரானது. இன்டெல் கிராஃபிக்ஸுக்கு அந்த மாற்றம் 2009இல், 2.6.29 பதிப்பில் வந்தது.

நம் மாணவியின் லேப்டாப்பில் கேப்ஸ் லாக் அசையவில்லை. வெளியிலிருந்து நுழையவும் முடியவில்லை. நிஜமாகவே உறைந்துவிட்டது.

இனி செய்ய வேண்டியதைக் கெர்னலே கற்றுத்தருகிறது. உறங்கும் சடங்கை முழுதாகச் செய்யாமல், பாதி வழி போய்த் திரும்பி வரச் சொல்லும் வசதி அதில் இருக்கிறது. பெயர் பிஎம் டெஸ்ட். ஐந்து மைல்கற்கள் உண்டு. முதல் கல்லில், நிரல்களை மட்டும் உறையவைத்து 5 விநாடி காத்திருந்து திரும்பிவிடும். இரண்டாவதில் சாதனங்கள் வரை போகும். அடுத்தது ஃபர்ம்வேரிடம் சொல்ல வேண்டிய ஆயத்தங்கள் வரை, அதற்கடுத்தது மற்ற கோர்களை அணைப்பது வரை, கடைசியானது மின்சாரத்தைத் துண்டிப்பதற்கு ஒரு படி முன்புவரை. எந்தக் கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்ப முடியவில்லையோ, கோளாறு அதற்கும் முந்தைய கல்லுக்கும் இடையில். ஐந்தும் தேறி, நிஜ உறக்கத்தில் மட்டும் சறுக்கினால் சந்தேகம் ஃபர்ம்வேர் பக்கம் நகர்கிறது. சிபியு எங்கும் உண்மையாக அணையாததால், பல சமயம் லாகும் பிழைத்துக்கொள்ளும். அடுத்து நான் சொல்லப்போகும் கடிகார வித்தைதான் ஊரெல்லாம் பேசப்படுவது. ஆனால் நடைமுறையில் அதிகச் சிக்கல்களை அவிழ்ப்பது இந்த அடக்கமான ஐந்து கற்கள்தான் என்பது என் கணிப்பு.

நம் மாணவி முதல் கல்லைத் தாண்டுகிறாள், இரண்டாவதில் விழுகிறாள். ஆகவே ஏதோ ஒரு சாதனம். எது? டிரைவர்களில் பாதியைக் கழற்றிவிட்டு மறுபடி முயலலாம். தேறினால் குற்றவாளி கழற்றிய பாதியில், தேறாவிட்டால் மிச்சப் பாதியில். ஐம்பது டிரைவர் இருந்தால் ஆறு சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம். ஆனால் எல்லா டிரைவரையும் கழற்ற முடியாது. வட்டின் டிரைவரைக் கழற்றினால் சோதிக்கக் கணினியே இருக்காது. அப்படிச் சிக்கிக்கொண்ட இடத்தில்தான் கடிகாரம் உதவிக்கு வருகிறது.

2006இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தானே எழுதிச் சேர்த்த சிறிய நிரல் அது. உறைந்த கணினியை அணைத்துப் போட்டால், ரேம் அழிந்துவிடும், சாதனங்கள் புதிதாகத் தொடங்கிவிடும். அணைத்துப் போட்ட பிறகும் அழியாமல் தப்பிக்கும் இடம் கணினியில் ஏதாவது இருக்கிறதா? நேரம் காட்டும் கடிகாரச் சிப் இருக்கிறது. தாய்ப்பலகையில் நாணயம்போன்ற ஒரு பேட்டரி, விநாடிக்கு 32768 முறை துடிக்கும் ஒரு படிகம், அவற்றோடு அந்தச் சிப். 1984இன் ஐபிஎம் பிசி ஏடி காலத்திலிருந்து அது அங்கே இருக்கிறது. அதற்குள் தகவல் சேமிக்கவென்றே 114 பைட் நினைவகமும் உண்டு. ஆனால் கணினி தொடங்கும்போது பயாஸ் அதைத் தன் தேவைக்கு மாற்றி எழுதிவிடக்கூடும், நம்ப முடியாது. பயாஸ் தொடத் தயங்கும் ஒரே பொருள் நேரம். எனவே நேரத்தையே ஏட்டுச் சுவடியாக்கிவிட்டார் டோர்வால்ட்ஸ். விழிக்கும் பாதையில் ஒவ்வோர் அடி எடுத்துவைக்கும்போதும், தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைத் தேதியாகவும் மணியாகவும் மாற்றிக் கெர்னல் கடிகாரத்தில் எழுதுகிறது. உறைந்துபோனால், கடைசியாக எழுதிய தேதி அங்கேயே நிற்கும்.

தேதியில் எவ்வளவு எழுத முடியும்? விநாடிகளைப் பயன்படுத்த முடியாது, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நிமிடத்தை 3 நிமிடப் படிகளாக எடுத்துக்கொண்டால் 20 வாய்ப்பு. மணி 24. நாள் 28, ஏனென்றால் பிப்ரவரி 30 என்று எழுதிவைத்தால் பயாஸ் என்ன செய்யுமோ தெரியாது. மாதம் 12, ஆண்டு 100. எல்லாவற்றையும் பெருக்கினால் 1 கோடியே 61 லட்சத்து 28 ஆயிரம். 24 பிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு கோப்பின் பெயரை எழுதக்கூட இது போதாது.

அதனால் பெயரை எழுதாமல், பெயரிலிருந்து கணக்கிட்ட சுருக்க எண்ணை எழுதுகிறார்கள். நிரல் கோப்பும் வரியும் சேர்ந்து 997 வகைகளில் ஒன்றாகச் சுருங்கும். சாதனத்தின் பெயர் 1009 வகைகளில் ஒன்று. கூடுதலாக 16 வகை கொண்ட ஒரு சிறு எண். மூன்றையும் பெருக்கினால் 1,60,95,568. கிடைத்த இடத்தில் கச்சிதமாக அடங்குகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நம் மாணவியின் லேப்டாப் உறைந்த இடத்தில் சிறு எண் 0, கோப்பு எண் 503, சாதன எண் 300 என்று வைத்துக்கொள்வோம். 300ஐ 997ஆல் பெருக்கி, 503ஐக் கூட்டி, 16ஆல் பெருக்கினால் 47,93,648. இதை 100ஆல் வகுத்தால் மீதி 48, அது ஆண்டு. ஈவு 47,936ஐ 12ஆல் வகுத்தால் மீதி 8, சுழியத்திலிருந்து எண்ணினால் செப்டம்பர். ஈவு 3,994ஐ 28ஆல் வகுக்க மீதி 18, அதாவது 19ஆம் தேதி. ஈவு 142ஐ 24ஆல் வகுக்க மீதி 22, இரவு 10 மணி. கடைசியாக நின்ற 5ஐ 3ஆல் பெருக்க 15 நிமிடம். ஆக அவளுடைய கணினிக்குள் இருக்கும் கடிகாரம் 48ஆம் ஆண்டு செப்டம்பர் 19, இரவு 10:15 என்று காட்டும். மறுபடி போட்டதும் கெர்னல் இந்தத் தேதியைப் படித்து, கணக்கைத் திருப்பிப் போட்டு, 300 என்ற எண்ணுக்குப் பொருந்தும் சாதனங்களின் பெயர்களை லாகில் எழுதிவிடும்.

10:17க்குள் கணினி எழுந்துவிட்டால் விடை சரியாக வரும். 10:18 ஆகிவிட்டால் நிமிடப் படி மாறிவிடும், விடை தப்பு. பட்டனை அழுத்திப் பிடிப்பதிலிருந்து கெர்னல் தொடங்குவது வரை மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்ற விதிக்கு இதுதான் காரணம். பல சாதனங்களை ஒரே நேரத்தில் எழுப்பும் வழக்கமான வேகமும் இந்தச் சோதனையின்போது நிறுத்தப்படுகிறது. வரிசையாக எழுப்பினால்தான் கடைசியாகப் பதிந்த பெயருக்குப் பொருள் உண்டு. இரண்டு சாதனங்களுக்கு ஒரே சுருக்க எண் அமைந்துவிட்டால் இரண்டு பெயரும் வரும், அதில் எது என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சோதனை முடிந்ததும் கடிகாரத்தைத் திருத்த மறக்கக் கூடாது. தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள்கூடத் திறக்காது. 24 பிட்கூட இல்லாத ஓர் ஓரத்தில் ஒரு விசாரணையின் விடையை எழுதிவைக்க முடிந்திருக்கிறது. நான் படித்த கெர்னல் நிரல்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

எழாமல் போவது ஒரு வகை என்றால், உறங்காமல் போவது இன்னொரு வகை. பையில் வைத்த லேப்டாப் வீடு வந்து சேரும்போது கொதிக்கிறது, பேட்டரி காலி. எழுப்பும் உரிமையுள்ள சாதனங்கள் பல இருக்கின்றன: மூடி உணரி, விசைப்பலகை, யுஎஸ்பி, நெட்வொர்க், கடிகார அலாரம். பைக்குள் லேசாக அசைந்த ஒயர்லெஸ் மவுஸ் போதும், கணினி எழுந்துவிடும். எவையெல்லாம் எழுப்பலாம் என்ற பட்டியலைக் கெர்னல் காட்டும், ஒவ்வொன்றாக அந்த உரிமையைப் பறித்துப் பார்க்கலாம். புதிய லேப்டாப்புகளில் சிக்கல் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. பலவற்றில் எஸ்3 உறக்கமே இல்லை. சிபியு முழுதாக அணையாமல் மிக ஆழ்ந்த ஓய்வில் இருக்கும், கைபேசிபோல உடனே எழும். ஒரே ஒரு சாதனம் ஓய்வெடுக்க மறுத்தாலும் சிபியு அந்த ஆழத்துக்கு இறங்காது, இரவு முழுக்கப் பேட்டரி கரையும். பழைய முறையில் ஃபர்ம்வேர் ஒன்றைக் குறைசொன்னால் போதும், இப்போது ஒவ்வொரு டிரைவரையும் சந்தேகிக்க வேண்டும். எழும் வேகத்துக்காக நாம் கொடுத்த விலை அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

எதை விழித்திருக்க விடுவது என்ற கேள்விக்கு, நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தலைமை தாங்கிய திட்டத்தில் இன்னும் கடுமையான வடிவம் உண்டு. சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். 2023 ஆகஸ்ட் 23இல் நிலவில் இறங்கிய விக்ரம் லேண்டரும் பிரக்யான் ரோவரும் செப்டம்பர் தொடக்கத்தில், நிலவின் நீண்ட இரவுக்கு முன்னால், உறங்கவைக்கப்பட்டன. கருவிகளெல்லாம் அணைக்கப்பட்டன, பூமியின் அழைப்பைக் கேட்கும் ரிசீவர் மட்டும் அணைக்கப்படவில்லை. ரோவரின் சூரியத் தகடு, செப்டம்பர் 22இல் எதிர்பார்த்த அடுத்த விடியலின் ஒளி படும் திசையில் நிறுத்தப்பட்டது. எழுப்பும் வழி ஒன்றைத் திறந்துவைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் மூடுவதுதான் கெர்னலும் செய்யும் வேலை. விடிந்ததும் இஸ்ரோ அழைத்துப் பார்த்தது, பதில் வரவில்லை. அவை இரவைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டவை அல்ல, எழுந்திருந்தால் அது கூடுதல் வரவு. ஆனால் எந்தப் பாகம் குளிரில் போனது என்று நேரில் பார்த்துச் சொல்ல அங்கே யாருமில்லை. பிள்ளைச்சாவடி மாணவிக்குப் பட்டனை அழுத்தி மறுபடி தொடங்கும் பேறாவது இருக்கிறது.

மின்வெட்டு உள்ள ஊர்களில் எஸ்3 போதாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, இந்தக் கரையோரத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எந்த லேப்டாப்பின் பேட்டரியும் ரேமை அத்தனை நாள் காக்காது. அதற்குத்தான் ஹைபர்நேட்: ரேமின் நகலை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடுவது. லினக்ஸில் இந்த வேலையை 1998இல் காபோர் குட்டி தொடங்கினார். பாவெல் மாசெக் அதைக் கெர்னலுக்குள் கொண்டுசேர்த்தார். ரஃபேல் விசோக்கி இன்றுவரை பராமரித்துவருகிறார். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்றுதான், அது பெரியது. ஹைபர்நேட் செய்த இயங்குதளம், வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற தன் பழைய நினைவோடு உறங்குகிறது. இடையில் வேறோர் இயங்குதளத்தைத் தொடங்கி அதே பகுதியில் எதையாவது எழுதினால், முதலாவது எழுந்ததும் தன் பழைய நினைவை நம்பி அந்த இடத்தின் மேலேயே எழுதும். கோப்புகள் சிதைந்துவிடும். தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் எல்லாருக்கும் இது பொருந்தும். விண்டோஸ் 8 முதல் வரும் வேகத் தொடக்க வசதி, அணைத்தாலும் பாதி ஹைபர்நேட்தான் செய்கிறது. விண்டோஸின் வட்டுப் பகுதியில் எழுத லினக்ஸ் சில சமயம் மறுப்பதற்குக் காரணம் இதுதான். அந்த மறுப்பை மீறாதீர்கள், விண்டோஸில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

மாணவியிடம் திரும்புவோம். கடிகாரம் வைஃபை அட்டையைக் காட்டியது என்று கொள்வோம். முந்தைய கெர்னல் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை என்றும் அவளுக்கு நினைவு. அப்படியானால் அவள் கையில் கிட் பைசெக்ட் என்ற வலுவான கருவி இருக்கிறது. ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 14 ஆயிரம் மாற்றங்கள் சேர்ந்திருந்தாலும், பாதிப் பாதியாகப் பிளந்து சோதித்தால் 14 சுற்றில் குற்றமிழைத்த ஒரே மாற்றம் கிடைத்துவிடும். பழைய லேப்டாப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் கெர்னலைக் கம்பைல் செய்ய நெடுநேரம் ஆகும். வேலை அலுப்பூட்டும், ஆனால் முடிவு உறுதி. கிடைக்கும் பிழையும் பெரும்பாலும் சில வரிகள்தான்: அட்டைக்கு மின்சாரம் திரும்பிவிட்டதா என்று பார்க்காமலேயே டிரைவர் அதன் ரெஜிஸ்டரைப் படித்திருக்கும், முன்பு பார்த்த அந்த எல்லாம்-1 எண் வந்திருக்கும், அதை நம்பிக் காத்திருந்திருக்கும்.

லேப்டாப் மாடல், பயாஸ் பதிப்பு, கோளாறு இல்லாத கடைசிக் கெர்னல், கோளாறு வந்த முதல் கெர்னல், பிஎம் டெஸ்டில் விழுந்த கல், பைசெக்ட் காட்டிய மாற்றம். இந்த ஆறு விவரங்களோடு அந்த டிரைவரைப் பராமரிப்பவருக்கு எழுதினால், அவர் எந்த நாட்டில் இருந்தாலும் வேலையைத் தொடங்க முடியும். "மூடினால் எழவில்லை" என்று மட்டும் எழுதினால், இருபது கேள்விகளை அவர் திருப்பிக் கேட்க வேண்டிவரும்.

திருத்தம் வந்த பிறகு ஒருமுறை மூடித் திறந்து பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்லக் கூடாது. இந்தப் பிழைகளில் பல, நேரம் மில்லிவிநாடிக் கணக்கில் முன்பின் ஆவதைப் பொறுத்தவை. இருபது முறை நன்றாக எழுந்துவிட்டு இருபத்தொன்றாம் முறை உறையும். ஆர்டிசி வேக் என்ற சிறு நிரல், கடிகாரத்தில் அலாரம் வைத்துவிட்டுக் கணினியை உறங்கவைத்து, குறித்த நேரத்தில் தானே எழுப்பும். அதை ஒரு சுழலில் போட்டு இரவெல்லாம் ஓடவிட வேண்டும். காலையில் கெர்னலின் உறக்கக் கணக்கைத் திறந்தால், எத்தனை முறை வெற்றி, எத்தனை முறை தோல்வி, கடைசியாகத் தோற்றது எந்தச் சாதனம், எந்தக் கட்டத்தில் என்று வரிசையாக இருக்கும். தோல்வி என்ற இடத்தில் 0 இருந்தால், அந்த எண்ணையும் எத்தனை சுற்று ஓடியது என்பதையும் சேர்த்துப் பராமரிப்பாளருக்கு அனுப்பலாம்.